மணவாளக்குறிச்சிக்குக் குடும்பத்தோடு போகலாமா?

ஈரோட்டுக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். வங்கி வேலையில் மணவாளக்குறிச்சிக்கு மாற்றல் வந்திருக்கிறது. மனைவியும் மூன்று வயதுக் குழந்தையும் உண்டு. "அந்த ஊர் மணலில் கதிர்வீச்சு இருக்கிறது என்கிறார்கள், கடல் கரையைத் தின்கிறது என்கிறார்கள், மணல் ஆலைக்கு எதிராகப் போராட்டம் என்கிறார்கள். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகலாமா? அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?"

முதல் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: போகலாம். இரண்டாவது கேள்விக்குத்தான் இடம் வேண்டும். நீங்கள் கேள்விப்பட்ட மூன்றும் தனித்தனி விஷயங்கள் இல்லை. அந்த மணல் எங்கிருந்து வருகிறது, அதை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் மூன்றும் சேர்ந்தே புரியும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலிலிருந்து அம்மாண்டிவிளை வழியாகக் குளச்சல் போகும் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர். பேரூராட்சி. பக்கத்தில் வள்ளியாறு கடலில் சேர்கிறது. தெற்கே கடியபட்டணம், அதைத் தாண்டினால் கலங்கரை விளக்கம் இருக்கும் முட்டம். வடக்கே மண்டைக்காடு, குளச்சல். கடலோரமாகச் சின்னவிளை, பெரியவிளை, புதூர் என்று மீனவ ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டியபடி இருக்கும். எங்கே ஒன்று முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

சுரங்கப் பகுதி என்றதும் நெய்வேலி மாதிரி பெரும் பள்ளமும் ராட்சத இயந்திரங்களும் மனதில் வந்தால் அதை விட்டுவிடுங்கள். இங்கே கண்ணில் படுவது தென்னை, வாழை, நெருக்கமான வீடுகள், அவற்றுக்கு மேலே தேவாலயக் கோபுரம், நடுவில் மதில் சுவருக்குள் ஓர் ஆலை, அவ்வளவுதான். 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் மாவட்டம் இது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெரிசல். அதிலும் கடலோரம் உள்நாட்டைவிட நெருக்கம். ஆள் இல்லாத காட்டில் சுரங்கம் தோண்டுவது வேறு, அடுத்தவர் வீட்டுக் கொல்லையில் தோண்டுவது வேறு. இதைக் கடைசிவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மணலுக்கு வருவோம். கரையில் இறங்கிப் பார்த்தால் வெளிர்நிற மணலுக்கு நடுவே பட்டை பட்டையாகக் கறுப்பு மணல் கிடக்கும். சில இடங்களில் அதன்மேல் லேசான சிவப்புப் படலம். ஒரு பிடி அள்ளினால் சாதாரண மணலைவிடக் கனம் என்று கையே சொல்லும். கறுப்பாக இருப்பது பெரும்பாலும் இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. சிவப்பு கார்னெட். இவற்றோடு ரூட்டைல், சிர்கான், சிலிமனைட் எல்லாம் கலந்திருக்கும். கூடவே தேன் நிறத்தில் மோனசைட். அளவில் அது மிகக் கொஞ்சம். ஆனால் தோரியம், அரிய மண் உலோகங்கள், கதிர்வீச்சு என்று இந்த ஊரைப் பற்றி வெளியே பேசப்படுவதெல்லாம் அந்தக் கொஞ்சத்தைப் பற்றித்தான்.

இதெல்லாம் கடலில் விளைந்தவை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் இருக்கும் சார்னோக்கைட், கோண்டலைட் வகைப் பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, ஆறுகளில் உருண்டு வந்து கடலில் சேர்ந்தவை. பிறகு தரம் பிரிக்கும் வேலையைக் கடல் எடுத்துக்கொள்கிறது. சாதாரண மணலான குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65, இல்மனைட் 4.7, மோனசைட் 5-க்கு மேல். அலை ஏறும்போது எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வருகிறது. இறங்கும்போது அதற்கு அந்த வேகம் இல்லை. லேசானதை இழுத்துக்கொண்டு கனத்ததைக் கரையிலேயே விட்டுவிடுகிறது. முறத்தில் அரிசி புடைப்பது போலத்தான், நம் வீட்டில் லேசானது முன்னால் பறக்கும், இங்கே பின்னால் போகிறது. தென்மேற்குப் பருவமழையில், ஆனி ஆடி மாதங்களில், கடல் கொந்தளிக்கும்போது இந்தப் புடைத்தல் வேகமாக நடக்கும். அப்போதுதான் கரையில் கருமணல் திட்டுத் திட்டாக ஒதுங்கும்.

அதே மாதங்களில்தான் மீனவர் வீடுகளில் காசு புழங்காது. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். சின்ன வள்ளங்களுக்குத் தடை இல்லை என்றாலும் அந்தக் கடலில் எத்தனை நாள் இறங்க முடியும்? இப்படி மீன் கிடைக்காத காலத்தில் கடலே கொண்டுவந்து போட்ட கருமணலை வாரி ஆலைக்குக் கொடுப்பது சுற்றியுள்ள மீனவ ஊர்களுக்கு நெடுங்காலமாக ஒரு வருமானம். ஐந்து ஊர் மீனவர்கள் வாரித் தரும் மணலை முக்கியமாக நம்பியே தன் உற்பத்தி நடப்பதாக ஆலை நிர்வாகமும் சொல்லிவந்திருக்கிறது. ஆலை வேண்டாம் என்பவர்களின் குடும்பத்திலேயே ஆலைக்கு மணல் கொடுத்தவர்கள் இருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது முரணாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஆலையின் கதை 1909-இல் தொடங்குகிறது. அப்போது ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்கும் வீட்டு விளக்கும் வாயுவில் எரிந்தன. சுடரை வெள்ளை வெளிச்சமாக்க ஒரு மேண்டில் வேண்டும். பெட்ரோமாக்ஸில் வலைப்பை மாதிரிக் கட்டித் தொங்குமே, அதுதான். அந்த வலையில் தோய்ப்பது தோரியம் உப்பு. தோரியம் வேண்டுமென்றால் மோனசைட் வேண்டும், அன்று மோனசைட் என்றால் பிரேசில். ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இந்தக் கரை அன்று அடங்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்திலிருந்து இறக்குமதியான தேங்காய்நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, ஊறவைத்து அடித்து நாராக்கிக் கயிறு திரிக்கும் தொழில் இந்தக் கரை முழுக்க உண்டு. கடலோரத்தில் நடக்கும் வேலையில் மணல் ஒட்டாமல் இருக்குமா? அந்த ஒட்டிய மணலைப் பின்தொடர்ந்து வந்தவர் மணவாளக்குறிச்சியில் முதல் ஆலையைப் போட்டார். பிறகு கொல்லம் பக்கம் சவராவிலும் ஒன்று. நம் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம்வரை இருக்கும், பிரேசிலுடையதைவிட அதிகம். அதனால் வியாபாரம் பிடித்துக்கொண்டது. 1914-இல் முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மானியர் என்பதால் ஷோம்பர்க் கைதானார். தொழில் லண்டன் கம்பெனிகளின் கைக்குப் போனது.

அடுத்த திருப்பம் மின்விளக்கு. மேண்டிலுக்குத் தேவை குறைந்தது. அதுவரை மோனசைட்டைப் பிரித்த பிறகு மிஞ்சிய இல்மனைட்டுக்கு 1920-களில் திடீரென்று மவுசு வந்தது. அதிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு நல்ல வெள்ளை நிறமி. இன்றும் வீட்டுச் சுவர்ப் பெயின்டிலிருந்து பற்பசைவரை வெள்ளையாக இருக்கும் பலவற்றில் அது உண்டு. இரண்டாம் உலகப்போருக்கு முன் உலக இல்மனைட் சந்தையில் திருவிதாங்கூர்க் கரைக்குப் பெரிய இடம் இருந்தது. குளச்சல் துறையிலிருந்து மணல் கப்பலேறிய காலம் அது.

பிறகு அணுகுண்டு வந்தது, தோரியமும் அணுசக்திக்கு உதவும் என்பதால் மோனசைட்டின் மதிப்பு மறுபடி மாறியது. 1947-இல் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்க வேண்டும் என்று திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் முயன்றபோது, அவர் கையில் இருந்த துருப்புகளில் இந்த மணலும் ஒன்று. அந்தத் திட்டம் கைகூடவில்லை. 1950 ஆகஸ்ட் 18-இல் இந்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1963-இல் நிறுவனம் முழுக்க மத்திய அரசின் அணுசக்தித் துறைக்குக் கீழே வந்தது. 1965-இல் மணவாளக்குறிச்சி, சவரா தனியார் ஆலைகளை எடுத்துக்கொண்டது. இப்போது அதன் பெயர் ஐஆர்இஎல். செய்தித்தாள்களில் 'அரிய மணல் ஆலை' என்று போடுவார்கள். ஆட்டோக்காரரிடம் மணல் ஆலை என்று சொன்னால் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது? பலர் நினைப்பது போல அணு உலை எதுவும் கிடையாது. வந்த மணலைக் கழுவி, லேசானதை நீரோட்டத்தில் பிரித்து, கனமானதைக் காயவைக்கிறார்கள். காய்ந்த மணலைச் சுழலும் உருளைமேல் மெல்லிய படலமாக விட்டு உயர் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். மின்சாரத்தைக் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் உருளையை விட்டுத் தெறித்து விழும். கடத்தாத சிர்கான், கார்னெட், மோனசைட் உருளையோடு ஒட்டியபடி சுற்றிப்போய்ப் பின்னால் விழும். அப்புறம் காந்தம். இல்மனைட் இழுபடும், ரூட்டைல் இழுபடாது. மின்சாரம் கடத்தாத குவியலில் கார்னெட் நன்றாக இழுபடும், மோனசைட் கொஞ்சமாக இழுபடும், சிர்கான் அசையாது. அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் துகள்களை அவற்றின் குணத்தை வைத்தே ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த பகுதி இதுதான். பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த மின்சாரமும் காந்தமும் டன் கணக்கில் வேலை செய்வதைப் பார்க்கலாம். ஆண்டுக்கு 90,000 டன் இல்மனைட், 10,000 டன் சிர்கான், 10,000 டன் கார்னெட், 3,500 டன் ரூட்டைல், 3,000 டன் மோனசைட் என்பது ஆலையின் அறிவிக்கப்பட்ட திறன். சிர்கானிலிருந்து சில ரசாயனங்கள் செய்யும் சிறு பிரிவும் உண்டு. சிர்கான் அதிகம் போவது செராமிக் டைல்ஸ் மாதிரியான தொழில்களுக்கு.

இனி நீங்கள் பயப்படும் கதிர்வீச்சு. மோனசைட்டில் இருக்கும் தோரியம்-232 மிக மெதுவாகச் சிதைவது. அதன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அது சிதைந்து பிறக்கும் அடுத்தடுத்த தனிமங்கள்தான் காமா கதிரை வீசுகின்றன. அதனால் மோனசைட் சேர்ந்துகிடக்கும் இடத்தில் இயற்கையாகவே அளவு கூடுதல். உலகில் ஒரு மனிதர் இயற்கையிலிருந்து சராசரியாக வாங்குவது ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இந்தக் கரையின் சில இடங்களில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். ஆனால் ஊர் முழுக்க ஒரே அளவு என்று நினைக்காதீர்கள். கருமணல் திட்டின்மேல் ஓர் அளவு, இருநூறு மீட்டர் உள்ளே செம்மண் நிலத்தில் வேறு அளவு. ஆலை வருவதற்கு முன்பும் இது இப்படித்தான் இருந்தது.

உடம்புக்கு என்ன ஆகிறது? இதற்குக் கிடைக்கும் நல்ல ஆய்வு பக்கத்துக் கேரளத்தில் நடந்தது. இதே வகை மணல் இருக்கும் கருநாகப்பள்ளியில் கிட்டத்தட்ட 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். அதிக இயற்கைக் கதிர்வீச்சு உள்ள வீடுகளில் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வரவில்லை என்று 2009-இல் முடிவு வெளியானது. அந்தப் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிறந்த குழந்தைகளைப் பார்த்த ஆய்விலும் பிறவிக் குறைபாட்டுக்கும் கதிர்வீச்சு அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை. இவை சின்ன ஆய்வுகள் இல்லை. இவற்றை ஒதுக்கிவிட்டு "அந்த ஊரில் வீட்டுக்கு வீடு புற்றுநோய்" என்று பேசுவது சரியில்லை.

அதற்காக இந்த ஆய்வை எல்லாவற்றுக்கும் பதிலாகக் காட்டுவதும் சரியில்லை. அது ஊரில் வாழ்பவர்கள் வெளியிலிருந்து வாங்கும் கதிரைப் பற்றியது. பிரித்த மோனசைட்டின் தூசிக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தூசி மூச்சில் போவது வேறு கணக்கு. கதிர்வீச்சுப் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்று நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வைத்திருக்கிறது. அதை அளவெடுக்க உடம்பில் அணியும் பட்டையும் உண்டு. நீங்கள் வங்கிக்குப் போகிறவர், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆலைத் தரப்பில் ஒரு வாதம் உண்டு. மணலை எடுத்து, மோனசைட்டை நீக்கி, மிச்சத்தைத் திருப்பிக் கொட்டினால் கரையில் கதிர்வீச்சு குறையத்தானே செய்யும் என்பார்கள். இயற்பியல்படி அது சரிதான். ஊர்க்காரர் கேட்பது வேறு: திருப்பிக் கொட்டியது எங்கே, எவ்வளவு, அளந்தது யார்? தெருவாரியாக அளவெடுத்து, அதைத் தமிழில் பேரூராட்சி அலுவலகப் பலகையில் மாதாமாதம் எழுதிப்போட்டால் பாதிச் சந்தேகம் தீரும் என்பது என் எண்ணம். கருவி ஒன்றும் அப்படி விலை அதிகம் இல்லை.

அடுத்தது கடலரிப்பு. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் நடந்தால் பல ஊர்களில் மணல் கரையே இருக்காது. பாறாங்கல் கொட்டிய அலைத்தடுப்புச் சுவர்தான். ஒருகாலத்தில் கரையில் நின்று கரமடி வலை இழுத்த இடத்தில் இன்று கல் கிடக்கிறது. இதற்கு மணல் ஆலை மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. கரைக்கு மணல் கொண்டுவரும் ஆறுகளில் அணைகள் வந்துவிட்டன. பேச்சிப்பாறை 1906-இல் முடிந்தது, பெருஞ்சாணி 1950-களில். ஆற்றுமணல் அள்ளியது ஊரறிந்த கதை. கரையோரமாக நகரும் மணலைத் துறைமுகங்களின் அலைத்தடுப்புகள் மறிக்கின்றன. ஒரு பக்கம் மேடாகும், மறுபக்கம் அரிக்கும். ஓர் ஊரில் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல்தடுப்பு, போட்டால் அடுத்த ஊர்க்காரர் மனு எழுதத் தொடங்குவது இதனால்தான். இத்தனைக்கும் நடுவே, ஏற்கெனவே வரவு குறைந்துபோன கரையிலிருந்து டன் கணக்கில் மணல் எடுத்துக்கொண்டே இருந்தால் அதற்குப் பங்கே இல்லை என்று எப்படிச் சொல்வது? பிரித்த பிறகு வெள்ளை மணல் திரும்பி வரலாம். கனத்த மணல் திரும்பாது. கடல் எளிதில் இழுத்துப்போக முடியாமல் கரையில் நின்றதே அந்தக் கனத்த மணல்தான்.

முன்னால் சொல்வதாகச் சொன்னதற்கு இப்போது வருகிறேன். கரையில் ஒதுங்கியதை வாருவதும், கரைக்கு உள்ளே நிலத்தைத் தோண்டுவதும் பார்வைக்கு ஒரே மணல் எடுக்கும் வேலைதான். ஆனால் இரண்டும் வேறு. வாரும் மணலின் அளவைக் கடல் தீர்மானிக்கிறது. இந்த ஆடியில் ஒதுங்கினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அள்ளுபவர் உள்ளூர்க்காரர், கூலி உள்ளூரில் நிற்கிறது, எப்போது நிறுத்த வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. தோண்டும் மணலின் அளவைக் குத்தகைக் காகிதம் தீர்மானிக்கிறது. இயந்திரம் தோண்டுகிறது, ஆள் தேவை குறைவு. தோண்டிய இடம் ஒரு மழைக்காலத்தில் நிரம்பாது. அதனால்தான் ஆலைக்கு மணல் விற்ற குடும்பமே அடுத்த ஊரில் தோண்டும் திட்டத்தை எதிர்த்து நிற்க முடிகிறது. அதில் முரண் எதுவும் இல்லை.

இப்போதைய போராட்டத்தின் மையம் அப்படி ஒரு திட்டம். கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு கிராமங்களில் 1,144 ஹெக்டேரில், அதாவது சுமார் 2,800 ஏக்கரில், தாது மணல் எடுக்கும் திட்டம். 2024 அக்டோபர் 1-இல் பத்மநாபபுரம் சார் ஆட்சியர் அலுவலகத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும் என்று அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, கூட்டம் தள்ளிப்போனது. மணவாளக்குறிச்சி ஆலைக்கு உள்ளூர் மணல் போதவில்லை, நாட்டுக்கு அரிய மண் வேண்டும் என்பது ஒரு பக்கம். இத்தனை நெருக்கமான கரையில் இவ்வளவு நிலம் எங்கே இருக்கிறது என்பது மறுபக்கம். நீங்கள் போகும் ஊர் அந்தப் பட்டியலில் இல்லை, கரையோரமாக வடமேற்கே கொஞ்சம் தள்ளி. ஆனால் அதைப் பற்றிய பேச்சு உங்கள் வங்கிக் கவுன்டருக்கும் வரும்.

அங்குள்ளவர்களின் பயத்தில் கதிர்வீச்சைவிட எனக்குப் பெரிதாகப் படுவது தண்ணீர். கடலோர மணலுக்கு அடியில் மழைநீர், கனத்த உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடிநீர்க் கணக்கு. அதே கணக்கில் மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உப்புநீர் நாற்பது அடி ஏற இடம் கிடைக்கிறது. மணல்மேட்டைத் தோண்டிப் பிரித்துத் திருப்பிக் கொட்டும்போது இந்த ஏற்பாடு என்ன ஆகும் என்பதைக் கிணறு கிணறாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று, மணல்மேடு கடலுக்கு ஒரு தடுப்பு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் பட்டதைப் பார்த்த மாவட்டத்தில் "மேட்டை எடுத்துவிட்டுப் பிறகு நிரப்பித் தருகிறோம்" என்று சொன்னால் யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள்.

தனியார் மணல் அள்ளிய கதையும் இதற்குப் பின்னால் உண்டு. 1998-இல் மத்திய அரசின் கொள்கை கடற்கரைத் தாது மணலில் தனியாருக்கு வழி திறந்தது. தென் மாவட்டக் கரைகளில் நடந்த முறைகேடுகள் பற்றிய புகார் முற்றி, 2013-இல் தமிழக அரசு தாது மணல் அள்ளத் தடை போட்டது. 2019-இல் மத்திய அரசு விதியை மாற்றி, மோனசைட் கலந்த மணலை அரசு நிறுவனங்கள் மட்டுமே எடுக்கலாம் என்று ஆக்கியது. 1998 முதல் 2013 வரையான அந்தப் பதினைந்து ஆண்டு அனுபவம் மக்களுக்கு எந்தக் குத்தகைக் காகிதத்தின்மேலும் நம்பிக்கை இல்லாமல் செய்துவிட்டது. அரசு ஆலை இப்போது அதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வளவு மதிப்புள்ள மணல் இருந்தும் ஊர் ஏன் சின்னதாகவே இருக்கிறது என்று நீங்கள் போனதும் யோசிப்பீர்கள். மணவாளக்குறிச்சியில் நடப்பது பிரிப்பது மட்டும்தான். மோனசைட்டை உடைத்து அரிய மண் எடுக்கும் வேலை இதே நிறுவனத்தின் ஒடிசா ஆலையில் நடக்கிறது, சுத்திகரிப்பு கேரளத்தின் ஆலுவாயில். இல்மனைட்டிலிருந்து நிறமி செய்யும் தொழிற்சாலைகள் வேறு ஊர்களில். மின்சார ஸ்கூட்டர் மோட்டாருக்கான காந்தத்தில் போகும் நியோடிமியம் இந்த மணலில் இருக்கிறது. காந்தம் செய்யும் வேலை இங்கே வரவில்லை. அடுத்தடுத்த கட்டத்தில்தான் பணம். அது மேலே போய்விடுகிறது, தூசியும் அரிப்பும் பற்றிய சண்டை மட்டும் கீழே நிற்கிறது. தோண்டுவதா வேண்டாமா என்று மட்டுமே இரு பக்கமும் பேசுவதில் எனக்குள்ள வருத்தம் இதுதான். வாரிய மணலிலேயே இன்னும் இரண்டு கட்ட வேலையை இங்கே கொண்டுவர முடியுமா என்று யாரும் அழுத்திக் கேட்பதில்லை.

சரி, வீட்டு விஷயம். வாடகைக்குப் பார்க்கும்போது அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி வேண்டாம். அது கதிர்வீச்சுக்காக இல்லை, ஆனி ஆடியில் அலை சுவரைத் தாண்டும் என்பதற்காக. சாலைக்குக் கிழக்கே உள்ளே தள்ளிப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்து உப்பு இல்லையென்றால் முன்பணம் கொடுங்கள். புதிதாகக் கட்டிய வீடென்றால் தரை நிரப்பிய மணலும் பூச்சு மணலும் எங்கிருந்து வந்தன என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கரையிலிருந்து வாரிய கருமணலை வீட்டுக்குள் நிரப்பியிருந்தால் அந்த வீட்டை விட்டுவிடலாம். குழந்தை கடற்கரையில் விளையாடுவதில் ஒன்றும் இல்லை, கைகழுவி விட்டுச் சோறு கொடுங்கள், போதும். ஆனால் கடலில் இறக்காதீர்கள். இந்தக் கரை சட்டென்று ஆழமாகும், இழுப்பும் அதிகம். பெரிய மருத்துவத் தேவை என்றால் ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ரயிலுக்கு இரணியல் பக்கம், நாகர்கோவிலில் வண்டிகள் அதிகம்.

பேச்சு முதல் ஒரு மாதம் பிடிபடாது, பிறகு பழகிவிடும். சாளையும் அயிலையும் ஈரோட்டில் கிடைக்காத பதத்தில் கிடைக்கும். மாசி மாதம் மண்டைக்காடு பகவதி அம்மன் கொடை நடக்கும் பத்து நாளும் கேரளத்திலிருந்தெல்லாம் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அந்தச் சாலையில் அப்போது லாரி நகராது, வீட்டுச் சாமான் இறக்குவதை அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள்.